இடம் பிறகு அறிவிக்கப்படும்: சன்ரைஸ் ரேவ்களும் டோனி கோல்ஸ்டன்-ஹேட்டரும்

1980களின் இறுதியில் லண்டனைச் சுற்றியிருந்த காலிக் கிடங்குகளிலும் விமானக் கொட்டகைகளிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விடிய விடிய ஆடிய ரேவ் விருந்துகளை யார் நடத்தினார்கள், காவல்துறையின் கண்ணில் படாமல் அத்தனை பேரை எப்படித் திரட்டினார்கள், பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதே கேள்வி. ஜெனிசிஸ், எனர்ஜி, பயாலஜி, வேர்ல்டு டான்ஸ் என்று பல குழுக்கள் இந்தத் தொழிலில் இருந்தன. எல்லாரையும் தொட்டுச் செல்வதைவிட, அவர்களில் அதிகம் பேசப்பட்ட சன்ரைஸ் என்ற அமைப்பையும் அதை நடத்திய டோனி கோல்ஸ்டன்-ஹேட்டரையும் விரிவாகச் சொல்கிறேன். சட்டத்தை மாற்றும் அளவுக்கு அரசைச் சீண்டியவர் அவர்தான் என்பதால், மற்றவர்களின் கதையும் அவருடைய கதைக்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். கிடங்கு விருந்து என்பது 1988இல் வானத்திலிருந்து குதித்ததுபோல அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் லண்டனின் மேற்கிந்தியக் குடும்பங்களிடையே, வெள்ளையர் நடன விடுதிகள் கறுப்பின இளைஞர்களை வாசலிலேயே திருப்பியனுப்பிய காலத்திலிருந்து, வீட்டு நிலவறையிலும் காலிக் கட்டடத்திலும் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து இரவு முழுவதும் ஆடும் வழக்கம் இருந்தது. 80களின் நடுவில் டிஜே நார்மன் ஜே, சோல் டு சோல் இசைக்குழுவினர் போன்றவர்கள் அந்த வழக்கத்தைக் கிடங்குகளுக்குக் கொண்டுசென்றனர். கிடங்குகளுக்கும் அப்போது பஞ்சமில்லை. கிழக்கு லண்டனின் ராயல் துறைமுகங்கள் 1981இல் மூடப்பட்டபின், தேம்ஸ் கரையெங்கும் பூட்டுத் தொங்கும் கட்டடங்களே வரிசையாக நின்றன. லைசென்ஸ் பெற்ற நடன விடுதிகளோ அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிடும். அந்த நேரத்துக்குப் பிறகும் ஆட வேண்டும் என்று நினைத்தவனுக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

1987இல் இரண்டு விஷயங்கள் புதிதாக வந்து சேர்ந்தன. ஒன்று இசை. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறு கருவி, தனியாக கிடார் வாசிப்பவருக்குப் பக்கத்துணையாக பேஸ் என்ற தாழ்சுருதி ஒலி தருவதற்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையை அது சரியாகச் செய்யாததால் விற்காமல் போய், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோ நகர இளைஞர்கள் அதன் குமிழ்களை வேண்டுமென்றே தாறுமாறாகத் திருகியபோது, ஈரத்தில் ரப்பரைத் தேய்த்தது போன்ற, வளைந்து நெளிந்து கத்தும் ஒரு ஒலி பிறந்தது. அதுதான் ஆசிட் ஹவுஸ். மற்றொன்று ஸ்பெயினின் இபிசா தீவு. டேனி ராம்ப்லிங், பால் ஓக்கன்ஃபோல்ட், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர் ஆகிய நான்கு லண்டன் டிஜேக்கள் 1987 கோடையில் அங்கே விடுமுறைக்குப் போய், அம்னீசியா என்ற கூரையில்லாத நடன விடுதியில் அல்ஃபிரெடோ என்ற டிஜே இசைப்பதைக் கேட்டனர். எஸ்டசி என்ற போதை மாத்திரையையும் அங்கேதான் அவர்கள் முதன்முதலாக அறிந்துகொண்டனர். ஊர் திரும்பிய ராம்ப்லிங், அந்த ஆண்டின் இறுதியில் தேம்ஸின் தென்கரையில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஷூம் என்ற விருந்தைத் தொடங்கினார். சில நூறு பேருக்கே அங்கு இடம். அறை முழுக்கச் செயற்கைப் புகை. எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. வாசலிலோ நீண்ட வரிசை. அதில் பெரும்பாலோர் உள்ளே போக முடியாமல் வீடு திரும்பினர்.

அந்த வரிசையைப் பார்த்து மற்றவர்கள் எரிச்சலடைந்தபோது, அதைச் சந்தையாகக் கண்டவர் கோல்ஸ்டன்-ஹேட்டர். அவருக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். இசைத்துறையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. சிறுவயதில் வீடியோ கேம் போட்டிகளில் வென்றவர். பிறகு சூதாட்ட விடுதிகளில் பிளாக்ஜாக் ஆடியே பிழைத்தவர். அடுத்து எந்தச் சீட்டு வரும் என்ற கணக்கு, எதிராளி எப்போது பின்வாங்குவான் என்ற மதிப்பீடு, தோற்றால் எவ்வளவு போகும் என்ற தெளிவு ஆகிய மூன்றும் அவருக்கு அந்த மேசையிலிருந்து வந்தவை. விருந்துத் தொழிலில் அவர் செய்ததை எல்லாம் இந்த மூன்றைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

1988 கோடையில் வெம்ப்ளியில் இருந்த திரைப்படப் படப்பிடிப்புக் கூடம் ஒன்றில் அவர் நடத்திய விருந்துக்குத் தொலைக்காட்சிச் செய்திக் கேமராக்களையும் உள்ளே விட்டார். அதுவரை ரகசியத்தைக் கட்டிக்காத்த பழைய வட்டத்தினர் கொதித்தெழுந்தனர். கூட்டத்தைக் கெடுக்க வந்த வியாபாரி என்று அவரை ஏசினர். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அவரும் அதை மறுக்க முயன்றதாகத் தெரியவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் சன்ரைஸ் என்ற பெயரில், லண்டனிலிருந்து பேருந்துகளில் ஆட்களை ஏற்றி, எங்கே போகிறோம் என்று சொல்லாமலேயே பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு குதிரைப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோனார். அடுத்து நவம்பர் 5 அன்று கிரீனிச்சில் கைவிடப்பட்ட ஓர் எரிவாயு ஆலை வளாகத்தில் ஏற்பாடு செய்த விருந்துக்குள் போலீசார் புகுந்தனர். நகரத்துக்குள் கிடங்கு பிடித்தால் காவல் நிலையம் பக்கத்திலேயே இருக்கும், ஒரே சாலையை மறித்தால் போதும் என்ற பாடம் அந்த இரவில் அவருக்குக் கிடைத்தது. அதன் பிறகு அவர் கண்கள் நகரத்துக்கு வெளியே திரும்பின.

வெளியே எம்25 காத்திருந்தது. லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வட்டச் சாலையை 1986 அக்டோபரில் பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் கையாலேயே திறந்துவைத்தார். பகலில் நெரிசலுக்குப் பேர்போன அது, சனிக்கிழமை நள்ளிரவில் காலியாகக் கிடந்தது. லண்டனின் எந்தப் பகுதியில் இருப்பவரும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அதன்மேல் ஏறிவிடலாம். அங்கிருந்து எந்த மாவட்டத்துக்குள்ளும் இறங்கிவிடலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் காவல்துறை வேறு என்பதும் முக்கியம். ஒரு மாவட்டப் போலீசாருக்குத் துப்புக் கிடைத்தால் விருந்தைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றிவிடலாம். கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள் தங்கள் இசைக்குழுவுக்கு ஆர்பிட்டல் என்று பெயர் வைத்ததே இந்தச் சாலையை வைத்துத்தான்.

இப்போது கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பல்லாயிரம் பேருக்கு இடத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை காவல்துறைக்கு அது தெரியக் கூடாது. விடை, பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் வணிகர்களுக்காக அறிமுகப்படுத்தியிருந்த குரல் தகவல் சேவை. ஓர் எண்ணை வாடகைக்கு எடுத்து அதில் ஒரு செய்தியைப் பதிவுசெய்து வைத்தால், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் அழைத்தாலும் லைன் பிஸி என்ற ஒலி வராமல் எல்லாருக்கும் அதே செய்தி கேட்கும். பதிவை மாற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. வயல்வெளியில் நின்றபடியே செல்பேசியிலிருந்து அழைத்துப் புதிதாகப் பேசிவிடலாம். பிரிட்டனில் செல்பேசிச் சேவை 1985இல்தான் தொடங்கியிருந்தது. கருவி செங்கல் கனம், விலையும் அதற்கேற்றபடி. பங்குச்சந்தைத் தரகர்களின் அடையாளமாக இருந்த அந்தப் பொருளை விருந்து நடத்துபவர்கள் தங்கள் முதல் மூலதனமாக்கிக்கொண்டனர்.

நோட்டீசில் தேதி, டிஜேக்களின் பெயர்கள், தொலைபேசி எண் ஆகியவை மட்டும் அச்சாகும். இடம் இருக்காது. 10 முதல் 20 பவுண்டு வரை விலையுள்ள டிக்கெட்டுகள் முன்கூட்டியே இசைத்தட்டுக் கடைகளிலும் முகவர்களிடமும் விற்கப்படும். சனிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் அந்த எண்ணில் முதல் செய்தி வரும்: இன்ன நெடுஞ்சாலையில் இன்ன ஓய்விடத்துக்கு வந்து காத்திருங்கள். அதற்குமேல் எதுவும் இல்லை. எம்25 ஓரத்தில் இருந்த சவுத் மிம்ஸ் போன்ற ஓய்விடங்களில், வழக்கமாக லாரி ஓட்டுநர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில், வண்ணச் சட்டைகளும் தளர்ந்த கால்சட்டைகளும் அணிந்த இளைஞர்கள் கார்களிலிருந்து இறங்கிப் பொதுத் தொலைபேசிக் கூண்டுகளின் முன் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பத்து பென்ஸ் நாணயத்தைப் போட்டுச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் ரிசீவரைத் தொங்கவிட்டபடியே காரை நோக்கி ஓடினால், செய்தி மாறிவிட்டது என்று பொருள். மற்றவர்கள் கேட்கக்கூட நிற்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, முன்னால் போகும் காரின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே கிராமச் சாலைகளுக்குள் இறங்கும். முன்னால் போகிறவருக்கு வழி தெரியுமா என்பது வேறு விஷயம். யாரோ ஒருவர் வீட்டுக்குத் திரும்பும்போது ஐம்பது கார்கள் அவரைப் பின்தொடர்ந்து போய் அவர் வாசலில் நின்றதாகச் சொல்லப்படும் கதைகள் ஏராளம்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி நேரக்கணக்கு. முதல் சில நூறு பேர் வரும்போது போலீசார் வந்துவிட்டால் விருந்து முடிந்தது. ஆயிரம், இரண்டாயிரம் பேர் உள்ளே நுழைந்துவிட்டாலோ, அத்தனை பேரை நள்ளிரவில் குறுகிய கிராமச் சாலைக்குத் துரத்திவிடுவது உள்ளேயே ஆட விடுவதைவிட ஆபத்து என்று எந்த அதிகாரியும் முடிவுசெய்வார். ஆகவே இரண்டாவது செய்தியை எப்போது வெளியிடுவது என்பதுதான் அந்த இரவின் ஒரே பந்தயம். பிளாக்ஜாக் மேசையில் அமர்ந்து பழகியவருக்கு இது புதிதல்ல.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. பொதுமக்களுக்கான இசை, நடன நிகழ்ச்சிக்கு உரிமம் தேவை. ஆனால் உறுப்பினர்களுக்கு மட்டுமான தனியார் விருந்து என்றால் அந்த விதி பொருந்தாது. இலாபத்துக்காக நடத்தப்படும் தனியார் நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்ததும் உண்மைதான். ஆனால் எந்த உள்ளாட்சி மன்றம் அதைத் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டதோ அங்கு மட்டுமே அது செல்லும். மாட்டுப்பண்ணைகளும் கோதுமை வயல்களும் நிறைந்த ஒரு மாவட்டத்து மன்றத்துக்கு அப்படிப்பட்ட தீர்மானம் எதற்கு? எனவே சன்ரைஸ் உறுப்பினர் அட்டை அச்சடித்தது. டிக்கெட் வாங்குகிறவர் உறுப்பினரானார். பதினோராயிரம் பேர் கூடினாலும் அது ஒரு தனியார் விருந்து என்று வாதாட முடிந்தது. மது விற்றால் வேறு சட்டம் பாயும் என்பதால் தண்ணீரும் குளிர்பானமுமே விற்கப்பட்டன. எஸ்டசி விழுங்கியவர்களுக்கு மது தேவைப்படவும் இல்லை.

பதினோராயிரம் என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. 1989 ஜூன் 24, சனிக்கிழமை, பெர்க்ஷயரில் உள்ள வொயிட் வால்தம் விமானத்தளத்தின் கொட்டகை ஒன்றில் சன்ரைஸ் நடத்திய கோடைநாள் விருந்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ அத்தனை பேர். லேசர் கதிர்கள், புகை, குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த கோட்டை எல்லாம் இருந்தன. விமானங்கள் நிற்கும் உயரத்துக்குக் கட்டப்பட்ட கூரையின் கீழ் பேஸ் ஒலி தகரத்தை அதிரவைக்க, கோடைகாலத்துச் சீக்கிர விடியல் திறந்த கதவுகள் வழியே உள்ளே வந்தபோதும் யாரும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை தி சன் நாளிதழ் முதல் பக்கத்தில் ‘எஸ்டசி ஏர்போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. தரையெங்கும் சிதறிக் கிடந்த வெள்ளித்தாள்கள் போதைப்பொருள் சுற்றியிருந்தவை என்று எழுதியது. போதை தலைக்கேறியவர்கள் புறாக்களின் தலைகளைத் திருகி எறிந்ததாகவும் ஒரு செய்தி. அந்த வெள்ளித்தாள் கூட்டத்தின்மேல் தூவிய அலங்காரத் தாள். எஸ்டசி மாத்திரையை யாரும் வெள்ளித்தாளில் பொட்டலம் கட்டி விற்பதில்லை என்பது அந்த நிருபருக்குத் தெரிந்திருக்கவில்லை. இதே நாளிதழ் எட்டு மாதங்களுக்கு முன், 1988 அக்டோபரில், மஞ்சள் சிரிப்பு முகம் பொறித்த ஆசிட் ஹவுஸ் டி-ஷர்ட்டை 5.50 பவுண்டுக்குத் தன் வாசகர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம், செய்தி முழுக்கக் கற்பனை என்று நடத்தியவர்கள் சொன்னதையும் நம்ப வேண்டியதில்லை. போதைப்பொருள் அங்கே தாராளமாகப் புழங்கியது. விருந்து நடத்துபவர்களே அதை விற்றார்கள் என்பதற்கில்லை. ஆனால் அது இல்லாமல் அந்தக் கூட்டம் காலை எட்டு மணிவரை நின்றிருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் எஸ்டசியால் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

முதல் பக்கத் தலைப்பு சன்ரைஸுக்குக் காசில்லாத விளம்பரமாக அமைந்தது. ஆகஸ்ட் 12 அன்று பக்கிங்ஹாம்ஷயரின் லாங்விக் கிராமத்தருகே நடந்த அடுத்த பெரிய விருந்துக்கு ஏறத்தாழ 17,000 பேர் வந்தனர். டிக்கெட் விலையை அந்தத் தலைக்கணக்கால் பெருக்கிப் பார்த்தால் ஓரிரவில் புரண்ட பணம் புரியும்; ஒலி, ஒளி, ஜெனரேட்டர், இட வாடகை, காவலாட்கள் என்று செலவும் பெரிது என்பதை மறந்துவிடக் கூடாது. இவ்வளவு ரொக்கம் ஓரிடத்தில், வங்கியோ போலீஸ் பாதுகாப்போ இல்லாமல் குவிந்தால் யார் வருவார்கள்? கால்பந்துக் கலவரங்களில் பழகிய அடியாள் கும்பல்கள் வந்தன. வாசல் காவல் என்ற பெயரில் பங்கு கேட்டன. சில நடத்துநர்களின் வசூலைத் துப்பாக்கி முனையில் பறித்தன. 1989இன் இறுதியில் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குப் போலீசாரைவிட இவர்கள்மீதே பயம் அதிகம்.

போலீசாரும் சும்மா இருக்கவில்லை. கென்ட் மாவட்டத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் கென் டாப்பென்டன் தலைமையில், பணம் வாங்கி நடத்தும் விருந்துகளைக் கண்காணிக்கவென்றே ஒரு தனிப்பிரிவு கிரேவ்சென்டில் தொடங்கப்பட்டது. நோட்டீஸ்களைச் சேகரிப்பது, தகவல் எண்களை அழைத்துக் கேட்பது, உரிமமில்லாத திருட்டு வானொலி நிலையங்களின் ஒலிபரப்பைப் பதிவுசெய்வது, நடத்துபவர்களின் பெயர்களையும் வண்டி எண்களையும் கணினியில் ஏற்றுவது ஆகியவை அதன் வேலை. எதிராளி கணினியையும் தொலைபேசியையும் வைத்து ஆடுவதைப் புரிந்துகொண்டு அதே கருவிகளைக் கையில் எடுத்த முதல் போலீஸ் அதிகாரி அவர் என்று சொல்லத் தகும். சாலையை மறித்து வண்டிகளைத் திருப்பியனுப்பும் முறை கென்ட் போலீசாருக்குப் பழையது. 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தேம்ஸுக்கு அடியில் செல்லும் டார்ட்ஃபோர்டு சாலைச் சுரங்கப்பாதையில் அதைச் செய்து பழகியிருந்தார்கள்.

அடுத்து அரசு நகர்ந்தது. லூட்டன் தெற்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்தவருமான கிரகாம் பிரைட், உரிமமில்லாத கேளிக்கைகளுக்கான தண்டனையை உயர்த்தும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசு அதற்குத் துணைநின்றது. 1984இல் வீடியோ படங்களுக்குத் தணிக்கையைக் கொண்டுவந்த மசோதாவும் இவருடையதே. 1990 ஜூலையில் இது சட்டமானது. அதுவரை 2,000 பவுண்டாக இருந்த உச்ச அபராதம் 20,000 பவுண்டானது. ஆறு மாதச் சிறையும் விதிக்கலாம் என்றானது. அத்தோடு விருந்தில் வந்த இலாபத்தையே பறிமுதல் செய்யவும் வழி ஏற்பட்டது. என் பார்வையில் இந்தக் கடைசி அம்சம்தான் அடி. 2,000 பவுண்டு அபராதத்தை நடத்துபவர்கள் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவைத்திருந்தனர். இலாபமே போய்விடும் என்றால் பந்தயம் கட்டுவதில் அர்த்தமில்லை. சட்டத்தில் போதைப்பொருள் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது முழுக்க முழுக்க உரிமச் சட்டம்.

சட்டம் வருவதற்கு முன் கோல்ஸ்டன்-ஹேட்டர் எதிர்த்துப் பார்த்தார். அவருக்கு விளம்பர வேலை பார்த்தவர் பால் ஸ்டெயின்ஸ் என்ற இளைஞர். தாட்சரின் சந்தைப் பொருளாதாரத்தை உயிராக நம்பிய வலதுசாரி. இருவரும் சேர்ந்து விருந்துச் சுதந்திரம் கோரும் இயக்கம் ஒன்றை 1989 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டின்போதே தொடங்கினர். அவர்களுடைய வாதம் எளிது: சொந்த முதலில், அரசு உதவி ஏதுமின்றி, மக்கள் கேட்கும் பொருளை அவர்கள் கேட்கும் நேரத்தில் விற்கும் தொழில்முனைவோர் நாங்கள், இதைத்தானே உங்கள் தலைவர் பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்? மாநாட்டுக்கு வந்தவர்கள் அசைந்துகொடுக்கவில்லை. அவர்களுடைய வாக்காளர்கள் லாங்விக் போன்ற கிராமங்களில்தான் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள். கோல்ஸ்டன்-ஹேட்டர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தொகுப்பாளர் ஜோனதன் ராஸின் கையோடு தம் கையை விலங்கிட்டுக்கொண்டதும் இந்தப் பிரசாரத்தின் பகுதியே. 1990 ஜனவரி 27 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த பேரணிக்குச் சில ஆயிரம் பேர் வந்தனர். விருந்துக்கு 17,000 பேரைக் கூட்டியவர்களால் கொள்கைக்கு அத்தனை பேரைக் கூட்ட முடியவில்லை.

சன்ரைஸ் அத்தோடு முடிந்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதம் லீட்ஸ் அருகே கில்டர்சம் என்ற ஊரில் ஒரு கிடங்கு விருந்துக்குள் புகுந்த போலீசார் ஒரே இரவில் 836 பேரைக் கைதுசெய்தனர். உரிமத்தோடு நடத்துவதே இலாபம் என்பதைப் புதிதாக வந்தவர்கள் புரிந்துகொண்டனர். 1991 செப்டம்பரில் தென் லண்டனில் பழைய பேருந்துக் கொட்டகை ஒன்றில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் திறக்கப்பட்டது: இரவு முழுவதும் ஆட அனுமதி, மது இல்லை, சட்டப்படியான உரிமம். கிடங்கு, விடியும்வரை இசை, குளிர்பானம் ஆகிய சன்ரைஸின் சரக்கு முழுவதும் அங்கே இருந்தது. நோட்டீசில் முகவரியும் இருந்தது. பணம் வாங்காமல் வெட்டவெளியில் நடத்திய நாடோடிக் குழுக்கள் வேறு கதை. அவர்களை அடக்க 1994இல் வேறொரு சட்டம் தேவைப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் தாளங்களைக் கொண்ட ஒலி என்று அது இசைக்கே ஓர் இலக்கணம் எழுதியது.

ஸ்டெயின்ஸ் பின்னாளில் கைடோ ஃபாக்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசியல்வாதிகளின் அந்தரங்கங்களை வெளியிடும் இணையதளத்தைத் தொடங்கிப் புகழ்பெற்றார். கோல்ஸ்டன்-ஹேட்டர் நீண்ட காலம் செய்திகளில் இல்லை. 2014இல் லண்டன் நீதிமன்றம் ஒன்று வங்கி மோசடி வழக்கில் அவருக்கு ஐந்தரை ஆண்டுச் சிறை விதித்தபோதுதான் பெயர் மறுபடி வெளியே வந்தது. கணினி பழுதுபார்ப்பவர் வேடத்தில் ஓர் ஆள் வங்கிக் கிளைக்குள் போய், விசைப்பலகையையும் திரையையும் தொலைவிலிருந்தே இயக்க உதவும் ஒரு சிறு பெட்டியைக் கணினிக்குப் பின்னால் செருகிவிட்டு வந்திருந்தார். பத்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தொகை, வெளியே எங்கோ ஓரிடத்தில் அமர்ந்திருந்தவர்களின் விரலசைவில் கணக்கு மாறியது.